இலையுதிர்ந்த மாதத்தில் ஜவ்வாது மலை: நான்காவது காட்டைத் தேடிப் போன சனிக்கிழமை

ஜவ்வாது மலைக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் போய்விடுங்கள் என்றுதான் சொல்வார்கள். மழை பெய்திருக்கும், எல்லாம் பச்சையாக இருக்கும், அருவியில் தண்ணீர் கொட்டும். நானும் அப்பாவும் போனது பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை. அருவியில் தண்ணீர் நூல் மாதிரி வழிந்தது. மலையில் பாதி மரங்கள் மொட்டை. ஆனாலும் நான் இதுவரை போன பயணங்களில் இதுதான் முதலிடம். (மொத்தம் ஆறு பயணங்கள். அதில் இரண்டு கல்யாணத்துக்குப் போனவை. இருந்தாலும் முதலிடம் முதலிடம்தான்.)

ஏன் அந்த மாதத்தில் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஆலங்காயத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ‘ஒரு மலை, நான்கு காடுகள்’ என்று ஒரு சார்ட் செய்தேன். அடிவாரத்தில் முட்புதர்க்காடு, சரிவில் இலையுதிர்க்காடு, பள்ளத்தில் மூங்கில்காடு, நான்காவதாக ஓடைக்கரையில் பசுமைமாறாக் காடு. நான்குக்கும் நான்கு கட்டம் போட்டு வண்ணம் தீட்டியிருந்தேன். தகவல்கள் எல்லாம் நூலகத்தில் கிடைத்த அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்தவை.

புவியியல் சார் சார்ட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு நான்காவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“பசுமைமாறாக் காடு மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கு. நம்ம மலையில எங்க இருக்கு?”

“ஓடைக்கரையில இருக்கு சார். புக்ல போட்டிருக்கு.”

“மத்த மூணையும் நானே பார்த்திருக்கேன். இதை நான் பார்த்ததில்ல. நீ பார்த்தியா?”

நான் உடனே நவம்பர் பள்ளிச் சுற்றுலாவில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். சாலையோரப் பாறை ஒன்றின் மேல் நின்று எடுத்தது. எதிரே மலைச்சரிவு முழுக்கப் பச்சை.

சார் சிரித்தார். “மழை பேஞ்ச கையோட எடுத்திருக்க. அப்போ எங்க வூட்டு ஓடு கூடப் பச்சையாத்தான் இருந்துச்சு. இதுல எது பசுமைமாறாக் காடு, காட்டு பார்க்கலாம்?”

காட்ட முடியவில்லை. எல்லாம் ஒரே பச்சை. சார் ஒரு வெள்ளைத்தாளை அளவாக வெட்டி, பசை தடவி, நான்காவது கட்டத்தின் மேல் ஒட்டிவிட்டார். “கோவிச்சுக்காத. கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லு, நானே பிரிச்சிடறேன். இல்லேன்னா தலைப்புல நாலை அடிச்சிட்டு மூணுன்னு போட்டுக்கோ” என்றார். அவர் கெட்டவர் இல்லை. வனத்துறைக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது அவர்தான். ஆனால் வகுப்பில் அன்றிலிருந்து என் பெயர் மாறிவிட்டது. நான் உள்ளே நுழைந்தால் “நாலாவது காடு வருது, வழி வுடுங்கடி” என்பார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எல்லா மரத்திலும் இலை இருக்கும்போது எந்த மரம் எப்போதும் இலையோடு இருக்கும் என்று கண்டுபிடிக்கவே முடியாது. மற்ற மரங்கள் இலையைக் கொட்டிய பிறகு போக வேண்டும். அதாவது யாரும் போகக் கூடாது என்று சொல்கிற மாதத்தில் போக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. பிப்ரவரி பாதிக்கு மேல் தீப்பிடிக்கும் காலம் என்று காட்டுக்குள் நடக்க அனுமதி தருவதில்லை. கண்காட்சி மாதக் கடைசியில். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

அப்பா டெய்லர். சனிக்கிழமை கடையை மூடுவது அவருக்கு எளிதில்லை. நடப்பது அதைவிடப் பிடிக்காது. “காட்டைப் போய்ப் பார்க்கணுமா? காடு எங்க ஓடிப்போவுது?” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் அவரே சார் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். கிராம வனக்குழுவைச் சேர்ந்த ஒருவர் கூட வர வேண்டும், பிற்பகல் இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

காலை 5.40க்கு ஆலங்காயத்திலிருந்து பைக்கில் கிளம்பினோம். பெட்ரோல் 200 ரூபாய்க்கு. அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோறு, தண்ணீர் இரண்டு பாட்டில், என் நோட்டு, இலைகளை அழுத்தி எடுத்துவரப் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. அப்பா அவசரத்தில் கடைக்குப் போகிற சட்டையையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

மலை ஏறும் முன்பே, 6.15க்கு, முதல் காடு வந்துவிட்டது. அது காடு என்றே பலருக்குத் தெரியாது. சாலையின் இரண்டு பக்கமும் வேலம், சூரை, காரை, சப்பாத்திக்கள்ளி. எல்லாம் முள். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எதுவும் வளரவில்லை. அரை வெளிச்சத்தில் இரண்டு முயல்கள் சாலையைக் கடந்தன. மயில் ஒன்று பாறை மேல் நின்று கத்தியது. நான் இறங்கி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பாவின் பேன்டில் சூரை முள் மாட்டியது. “ரெண்டு இன்ச் கிழிசல். டார்னிங் போட்டாலும் தெரியும்” என்று மனசொடிந்து சொன்னார்.

முதல் வளைவுகளைத் தாண்டியதும் குளிர் கையை விறைக்கவைத்தது. கையுறை கொண்டுபோங்கள், நான் கொண்டுபோகவில்லை. மேலே போகப் போக மரங்கள் உயர்ந்தன, இலைகள் குறைந்தன. இரண்டாவது காடு. வெக்காலி மரங்கள் வெள்ளைத் தண்டோடு ஒரு இலைகூட இல்லாமல் நின்றன. நடு நடுவே கோங்கு மரங்களில் இலையே இல்லை, நுனியெல்லாம் மஞ்சள் பூ மட்டும். புரச மரம் ஒன்று நெருப்புப் பிடித்தது போல இருந்தது. அதில் மைனாக்கள் தேன் குடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மொட்டை மலை என்று யார் சொன்னது? நவம்பரில் வந்தபோது இந்த ஒரு பூவைக்கூட நான் பார்க்கவில்லை.

ஜமுனாமரத்தூருக்கு 7.10க்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் வண்டி மீட்டரில் ஆலங்காயத்திலிருந்து 29 கிலோமீட்டர் காட்டியது. நான்கு இட்லி, ஒரு வடை, டீ. இரண்டு பேருக்கும் சேர்த்து 110 ரூபாய். அங்கிருந்து என் நவம்பர் போட்டோவில் இருக்கும் பாறையைத் தேடிப் போனோம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இருபது நிமிடமும் எனக்குச் சந்தேகம்தான். புத்தகம் பழையது. எழுதியவர் பார்த்த காட்டை அதற்குப் பிறகு யாராவது வெட்டியிருக்கலாம். அல்லது சார் சொன்னதே சரியாக இருக்கலாம். பாறை தெரிந்ததும் நான் வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினேன். அப்பா பின்னால் திட்டிக்கொண்டே வந்தார். பாறை மேல் ஏறி, முதலில் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திறந்தேன்.

எதிரே மலைச்சரிவு முழுக்கப் பழுப்பு. சாம்பல் நிறக் கிளைகள், காய்ந்த புல், அங்கங்கே மஞ்சள். அதன் நடுவில் மேலிருந்து கீழே வரை ஒரு கோடு, கரும்பச்சையில். வளைந்து, மெலிந்து, ஓர் இடத்தில் அகன்று, பள்ளத்துக்குள் மறைந்தது. பழுப்புத் துணியில் பச்சை நூலால் தையல் போட்டது போல. இப்படிச் சொன்னது நான் இல்லை, அப்பா. “நேர்த்தையல் இல்ல, கையால போட்டிருக்கான்” என்றார்.

நான் குதித்தேன். அந்தப் பாறை மேல் குதிக்கக் கூடாது, இரண்டு பக்கமும் சரிவு, நீங்கள் குதிக்காதீர்கள். நவம்பர் போட்டோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அப்பாவின் போனில் அதே இடத்தில் நின்று அதே சரிவைப் படம் எடுத்தேன். நேரம் 7.48.

ஆனால் சாரை எனக்குத் தெரியும். “தண்ணி பக்கத்துல இருக்கிறதால லேட்டாக் கொட்டுது, அவ்ளோதான்” என்பார். உள்ளே போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

எங்களோடு வர இருந்தவர் பெயர் குமாரி. முப்பது வயதிருக்கும், சாமை பயிரிடுகிறார், வனக்குழுவில் உறுப்பினர். ரப்பர் செருப்போடு எங்களைவிட வேகமாக நடந்தார். வழிகாட்டிக் கட்டணம் 500 ரூபாய். அவருடைய ஊரின் பெயரை நான் எழுதவில்லை. பாட்டிலோடு வருகிறவர்கள் வழி தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள், போடாதே என்று கேட்டுக்கொண்டார். ஊரிலிருந்து ஓடை வரை போக இரண்டரை கிலோமீட்டர், முழுக்க இறக்கம்.

கிளம்பி பத்து நிமிடத்தில் எனக்கும் குமாரி அக்காவுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. காட்டில் சத்தம் போடக் கூடாது, அப்போதுதான் விலங்குகளைப் பார்க்க முடியும் என்று நான் படித்திருக்கிறேன். அக்காவோ ஒவ்வொரு வளைவிலும் நின்று, கையைத் தட்டி, மலை அதிரக் கத்தினார்.

“மாமோய்! வர்றோம்! ஓரமா போ!”

“யாரும்மா அது, உங்க வூட்டுக்காரரா?” என்று அப்பா கேட்டார்.

“எங்க வூட்டுக்காரர் இந்நேரத்துக்கு எழுந்துருந்தாத் தேவலாமே. அதுண்ணா… கறுப்பா, ஒடம்பெல்லாம் மயிரா, புத்து தோண்டுமே. அதைக் காட்டுல பேர் சொல்ல மாட்டோம். மாமான்னுதான் கூப்புடுவோம்.”

அப்பா அப்படியே நின்றுவிட்டார். “கரடியா?”

“சொல்லாதண்ணா!”

“எங்க மாமனாரே பரவால்ல போலிருக்கே” என்றவர், அதன் பிறகு வளைவு இல்லாத இடத்தில்கூட “மாமா, மாமா” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் மெதுவாக, “அக்கா, சத்தம் போட்டா எதையுமே பார்க்க முடியாதே” என்றேன். அக்கா திரும்பி, “நீ அதைப் பார்க்கிறது முக்கியமில்ல பாப்பா. அது உன்னைத் திடீர்னு பார்க்காம இருக்கிறதுதான் முக்கியம்” என்றார். என் புத்தகம் இதைச் சொல்லவில்லை. அடுத்த வளைவில் கரையான் புற்று ஒன்று பாதி உடைந்து கிடந்தது. தோண்டிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதற்கடுத்த வளைவில் மூவரிலும் அதிகச் சத்தம் போட்டது நான்தான்.

மூங்கில்காடு 9.05க்கு வந்தது. பள்ளத்தில் புதர் புதராக மூங்கில். காற்றடித்தால் கதவு திறப்பது போல் கிறீச்சென்றது. தரை முழுக்க மெல்லிய வைக்கோல் நிறச் சருகு. கடமானின் குளம்படி நன்றாகப் பதிந்திருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து அளந்து மூன்றேகால் என்றார். டெய்லரோடு காட்டுக்குப் போனால் இந்த வசதி உண்டு.

மூங்கிலைத் தாண்டியதும் வெயில் நின்றுவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஓர் அடிக்கு இந்தப் பக்கம் கண் கூசியது, அந்தப் பக்கம் நிழல். காற்றே வேறாக இருந்தது, பானைத் தண்ணீர் மாதிரி. தலைக்கு மேல் நாவல், காட்டுமா, அத்தி, எனக்குப் பெயர் தெரியாத இன்னும் நிறைய. கொடிகள் மரத்துக்கு மரம் தாவியிருந்தன. கீழே கற்களுக்கு நடுவே தண்ணீர், பிப்ரவரியிலும் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் 9.30. நான்காவது காட்டுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றுமே எழுதவில்லை. சும்மா நின்றேன். பிறகு வேலையைத் தொடங்கினேன்.

நான் தேடியது ஒரே ஒரு விஷயம். இலையுதிர் மரம் பழையதை எல்லாம் கொட்டிவிட்டுத்தான் புதிதாக விடும். பசுமைமாறா மரத்தில் பழைய இலை போவதற்குள்ளேயே புது இலை வந்துவிடும். தாழ்ந்திருந்த காட்டுமாங்கிளையைப் பார்த்தேன். நுனியில் செம்பு நிறத்தில் துளிர். அதன் கீழே தடித்த கரும்பச்சை இலைகள். அதற்கும் கீழே மஞ்சளாகி விழக் காத்திருந்த இரண்டு. மூன்று தலைமுறையும் ஒரே கிளையில் இருந்தன. அப்படியே ஒன்பது வகை மரங்களில் பார்த்தேன். எதுவும் மொட்டையாக இல்லை.

“அக்கா, இந்த மரங்க எப்பவாவது இலை இல்லாம இருந்திருக்கா?”

“இங்கியா? எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இல்ல. மேல மரம்லாம் எரிஞ்ச மாதிரி நிக்கும், மே மாசத்துல ஆடு மாடு தண்ணிக்கு இங்கதான் வரும். நாங்களும் இங்க வந்துதான் படுப்போம்.”

அப்போது “ஹ்வீட்-டியூ” என்று இரண்டு சுரத்தில் ஒரு விசில். காலை ஆறு, மாலை ஆறு என்று கூப்பிடும் ஆறுமணிக் குருவி! மணி 9.50 ஆகியிருந்தது. “அது வாச்சு கட்டாத குருவி. உள்ள இருட்டா இருக்குன்னா இன்னும் விடியலன்னு நெனச்சுக்கும்” என்றார் அக்கா. அத்தி மரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்ததை ஒரு நிமிடம் முழுதாகப் பார்த்தேன். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு. குட்டை வால். பார்த்ததும் மூச்சு விடாமல் இருந்தது நான் மட்டுமல்ல, அப்பாவும்தான்.

அப்பாவை வைத்துப் பெரிய நாவல் மரத்தின் சுற்றளவை எடுத்தேன். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், மார்பளவில் எடுப்பதுதான் முறை. அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. “ஷோல்டர் இல்ல, கையில்ல, செஸ்ட் மட்டும்தானா? ஈஸியான கஸ்டமர்” என்று டேப்பை இரண்டு முறை வைத்து எடுத்தார். 112 அங்குலம். “டபுள் எக்ஸெல்லுக்கும் மேல.”

பிறகுதான் பிரச்சினை. நான் செய்தித்தாள் கட்டைப் பிரித்து, கீழே விழுந்திருந்த காட்டுமா இலை ஒன்றை எடுத்து உள்ளே வைக்கப் போனேன்.

“அதை வெச்சிடு பாப்பா” என்றார் குமாரி அக்கா.

“கீழ விழுந்ததுதாங்க்கா.”

“விழுந்ததும்தான். இங்கேர்ந்து ஒரு இலை வெளிய போவாது. சுள்ளிகூட எடுக்க மாட்டோம். இது சாமி காடு. பெருசாப் பூசை போட்டவங்க கேட்டாங்க, அவங்களுக்கே குடுக்கல.”

“ஒண்ணே ஒண்ணுக்கா. ஸ்கூலுக்கு. நான் பார்த்தேன்னு காட்டணும்.”

“இன்னிக்கு உனுக்கு ஒரு இலை. நாளைக்கு இன்னொருத்தனுக்கு ஒரு கொம்பு. அப்புறம் லாரிதான் வரும். எங்க ஊர் தண்ணி இங்கதான் ஊறுது.” அக்கா கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முகம் கழுவ ஓடைப் பக்கம் போய்விட்டார்.

கையில் இலையோடு உட்கார்ந்துவிட்டேன். போட்டோ இருக்கிறது. ஆனால் நிழலுக்குள் எடுத்த எல்லாமே கறுப்பாக மங்கலாகத்தான் வந்திருந்தன. மரம் மரமாக இலைகளை ஒட்டினால்தான் அந்தக் கட்டம் நிறையும். இதற்காகத்தான் வந்தேன். அப்பா என் பக்கத்தில் குனிந்து தணிந்த குரலில், “பாக்கெட்ல போட்டுக்கடா கண்ணு. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். அவர் எனக்காகத்தான் சொன்னார். நான் உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு நிமிடம் யோசித்தேன். பை திறந்தே இருந்தது.

நான் பார்த்ததை நம்ப வைக்கத்தானே இத்தனையும். சொன்ன சொல்லை மீறி எடுத்த இலையை சார் முன்னால் வைத்துவிட்டு, நான் சொல்வதை நம்புங்கள் என்று எப்படிச் சொல்வது? இலையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அழுகை வந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடைச் சட்டை. டேப்புக்கு அடியில், துணியில் கோடு போடும் நீல சாக்பீஸ் இரண்டு துண்டு.

“நோட்டுல ஒரு பக்கம் குடு” என்றார்.

இலையை ஒரு தட்டைக் கல் மேல் கவிழ்த்து வைத்தார். அதன் மேல் தாள். சாக்பீஸைப் படுக்கைவாட்டில் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். முதலில் நடு நரம்பு வந்தது, பிறகு பக்க நரம்புகள், பிறகு ஓரம். ஒரு பூச்சி கடித்த ஓட்டைகூட வந்தது. முழு இலை, நீல நிறத்தில். “எம்பிராய்டரி டிசைனை இப்படித்தான் காப்பி எடுப்போம். இதுல இன்னா இருக்கு” என்றார். அதற்குள் நான் அடுத்த இலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மரம், ஒன்பது இலை. அப்பா நான்கு, நான் ஐந்து. திரும்பி வந்த குமாரி அக்கா ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பார்த்தார். என் பையையும் கவிழ்த்துப் பார்த்தார். “இலை இங்கியே இருக்குது. நெழலு மட்டும் போவுது. போவட்டும்” என்றவர், பத்தாவது ஒன்று தேய்க்கச் சொல்லித் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டார்.

எலுமிச்சைச் சோற்றைக் காட்டுக்கு வெளியே வந்துதான் சாப்பிட்டோம். உள்ளே சாப்பிடுவதும் கூடாது. திரும்ப ஏறும்போது, 11.40க்கு, அக்கா சட்டென்று கையை நீட்டினார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மொட்டை மரங்களுக்கு நடுவே, கறுப்பாக ஒன்று ஆடி ஆடி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அரை கிலோமீட்டர் தூரமாவது இருக்கும். எங்கள் சத்தத்தைக் கேட்டு எங்களுக்கு முன்பே ஒதுங்கிக்கொண்டது போலிருக்கிறது. நவம்பராக இருந்தால் இலைகள் மறைத்திருக்கும். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, “போய்ட்டு வாங்க மாமா” என்றார்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அருவியும் படகும் போதும் என்றால் மழைக்குப் பின் போங்கள், அதில் தவறில்லை. மலையில் எத்தனை வகைக் காடு இருக்கிறது என்று பார்க்க ஆசை என்றால் ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரித் தொடக்கத்துக்குள் போங்கள். அனுமதியை ஒரு வாரம் முன்பே கேளுங்கள், அந்தப் பகுதிக்காரர் ஒருவர் இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். தீப்பெட்டி, பிளாஸ்டிக் வேண்டாம். வளைவுகளில் தயங்காமல் கத்துங்கள். பேருந்தில் வருகிறவர்கள் ஆலங்காயம் வழியாகவோ போளூர் வழியாகவோ ஜமுனாமரத்தூர் வரலாம், ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மொத்தச் செலவு, பேன்ட் கிழிசல் நீங்கலாக, 810 ரூபாய். இலைகளை வீட்டுக்குக் கொண்டுவர விரும்பினால் வெள்ளைத்தாளும் டெய்லர் சாக்பீஸும் கொண்டுபோங்கள். மெழுகுக் கலரும் நன்றாக வரும், நான் பிறகு சோதித்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை சார் மேஜையில் நவம்பர் போட்டோவையும் பிப்ரவரி போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். நான் துளிர், முதிர்ந்த இலை, பழுத்த இலை மூன்றும் ஒரே கிளையில் இருந்ததையும், மே மாதத்திலும் பச்சையாக இருக்கும் என்று குமாரி அக்கா சொன்னதையும் சொன்னேன். ஒன்பது நீலத் தாள்களையும் பரப்பினேன். “இலையே கொண்டாந்திருக்கலாமே?” என்றார். ஏன் கொண்டுவரவில்லை என்று சொன்னேன். அவர் எழுந்து போய் சார்ட்டை எடுத்துவந்து, சொன்னபடி, தானே வெள்ளைத்தாளைப் பிரித்தார்.

பசை நன்றாகப் பிடித்திருந்தது. தாளோடு என் பழைய படமும் உரிந்து வந்துவிட்டது. அதில் நான் வரைந்திருந்தது புத்தகத்தைப் பார்த்து வரைந்த, நம் மலையில் இல்லாத ஏதோ ஒரு காடு. “அய்யய்யோ” என்றார் சார். “பரவாயில்ல சார், அது பார்க்காம வரைஞ்சது” என்றேன். அந்த இடத்தில் ஒன்பது நீல இலைகளை ஒட்டினோம். ஒன்றை சார் ஒட்டினார், கொஞ்சம் கோணலாக. தலைப்பில் நான்கு என்பது அப்படியே இருந்தது.

கண்காட்சி அன்று எங்கள் சார்ட் முன்னால்தான் கூட்டம் அதிகம். வருகிறவர்களிடம் “எங்க மலையில நாலு காடுங்க, நான் மூணுன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்று சார்தான் முதலில் தொடங்கிவைத்தார். “நாலாவது காடு வருது” என்று கிண்டல் செய்த பிள்ளைகளே இப்போது அதே பெயரைச் சொல்லி வெளியாட்களிடம் என்னைக் காட்டினார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்த அப்பா, ஒரு ஓரமாக நின்று, தன் நான்கு இலைகள் எவையென்று அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி நெடுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துவிட்டு என் தாவணியை இழுத்தாள்.

“எல்லாக் காடும் பச்சையா வரைஞ்சிட்டு, இந்த இலை மட்டும் ஏன்க்கா நீலமா இருக்கு?”

“பச்சை அங்கேயே இருக்கு” என்றேன்.